கடல் குழாய்ப்புழுக்களை அடையாளம் காணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறையிலோ சிப்பியிலோ படகின் அடிப்பகுதியிலோ ஒட்டியிருக்கும் குழாயைக் கண்டவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மாணவர்கள், நீர்மூழ்கிப் படம் எடுப்பவர்கள், கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, இயன்றவரை அவர்களுடைய சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன.

1. குழாய்ப்புழு என்பது ஒரு தனி இனமா?

இல்லை, அது ஒரு வாழ்க்கை முறைக்கு வழங்கும் பெயர். தானே கட்டிய குழாய்க்குள் வாழும் கடற்புழுக்களில் மிகப் பெரும்பாலானவை வளைதசைப் புழுக்களின் தொகுதியைச் சேர்ந்த பாலிகீட்டுகள். உடல் கண்டங்களாகப் பிரிந்திருப்பதும், கண்டங்களின் இருபுறமும் சீட்டாக்கள் எனப்படும் நுண்முட்கள் நீட்டிக்கொண்டிருப்பதும் இவற்றின் பொது அடையாளங்கள்.

பாலிகீட்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. குழாய் கட்டும் பழக்கம் அவற்றின் ஒரே கிளைக்கு உரியதன்று. நெருங்கிய உறவில்லாத பல குடும்பங்களில் அது காணப்படுகிறது. ஆகவே இரண்டு புழுக்கள் குழாயில் வாழ்கின்றன என்பதிலிருந்து அவற்றின் உறவைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது.

2. குழாயைப் பார்த்தே பெயர் சொல்லிவிட முடியாதா?

குடும்பம் வரை பல நேரங்களில் சொல்லலாம். சிற்றினத்தை அரிதாகவே சொல்ல முடியும். இந்தப் பக்கத்திலுள்ள பெரும்பாலான விடைகள் இந்த ஒரு வரம்பை ஒட்டியே அமைந்துள்ளன.

குழாயில் முதலில் கவனிக்க வேண்டியது அதன் பொருள். கடினமான வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய குடும்பம் செர்புலிடே. சேறும் கோழையும் கலந்து ரப்பர்போல் வளையும் குழாய் சபெல்லிடே குடும்பத்தில் மிகவும் பொதுவானது. மணலையோ சிப்பித் துண்டுகளையோ ஒட்டிக் கட்டிய குழாய் பல குடும்பங்களுக்கு உரியது. அவற்றைப் பிரித்தறியும் வழி 6ஆம் கேள்வியில் உள்ளது. காகிதம்போல் மெல்லிய, நார்த்தன்மையுள்ள குழாய் கீட்டாப்டெரிடேயின் பக்கம் நம்மைக் கொண்டு செல்கிறது. மெல்லிய சேற்றுக் குழாயிலிருந்து இரண்டே இரண்டு நீண்ட உணர்விழைகள் வெளியே அலைந்துகொண்டிருந்தால் அது ஸ்பியோனிடே குடும்பமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

பொருளுக்கு அடுத்தபடியாக, குழாய் எதனுடன் ஒட்டியிருக்கிறது, அதன் ஒரு முனை மட்டும் திறந்திருக்கிறதா இரண்டுமா, குறுக்குவெட்டு வட்டமா முக்கோணமா, மேற்புறத்தில் நீளவாக்கில் மேடுகள் உண்டா, வாயருகே விளிம்பு விரிந்திருக்கிறதா என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஃபிகோபொமாட்டஸ் எனிக்மாட்டிகஸ் என்னும் உவர்நீர்ப் புழுவின் குழாயில், இடைவெளி விட்டு, புனல்போல் விரிந்த வளையங்கள் இருக்கும். சிற்றினத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும் அரிய குழாய்களுள் அதுவும் ஒன்று.

3. வெள்ளையாக, கல்லுபோல இருக்கிறது. இது புழுவா, நத்தையா?

இந்தக் குழப்பம் மிகப் பழையது. லின்னேயஸ் 1758இல் செர்புலா என்னும் பேரினத்தை ஓடுடைய உயிர்களுடன், அதாவது இன்று நாம் மெல்லுடலிகள் என்று அழைப்பவற்றின் பக்கத்தில்தான் வைத்தார். வெர்மெடிடே என்னும் நத்தைக் குடும்பம் பாறையில் ஒட்டிக்கொண்டு, ஒழுங்கற்று வளைந்து நீளும் சுண்ணாம்புக் குழாயைக் கட்டுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் அதற்கும் செர்புலிடே குழாய்க்கும் வேறுபாடு தெரியாது.

உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் உட்புறத்தைப் பாருங்கள். நத்தைக் குழாயின் உட்சுவர் பீங்கான்போல் வழவழப்பாக மின்னும். புழுவின் குழாய் பொதுவாக உள்ளே மங்கலாக இருக்கும். நத்தைக் குழாய் மூன்று அடுக்குகளைக் கொண்டது, அதன் தொடக்க முனையில் லார்வாப் பருவத்துச் சிறு சுருள் ஓடு எஞ்சியிருக்கலாம். உயிருடன் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை: புழு இழைகளால் ஆன கிரீடத்தை விரிக்கும், நத்தைக்கு அத்தகைய கிரீடம் கிடையாது, அது கோழை வலையை நீரில் பரப்பி, பின்பு அதை உணவோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

4. பூப்போல விரிகிற இரண்டு வகை இருக்கின்றனவே, சபெல்லிடே எது, செர்புலிடே எது?

இரண்டு குடும்பங்களிலும் தலையிலிருந்து எழும் இழைக் கிரீடமே சுவாச உறுப்பாகவும் உணவு திரட்டும் உறுப்பாகவும் செயல்படுகிறது. வெளிப்படையான வேறுபாடுகள் மூன்று. செர்புலிடேயின் குழாய் சுண்ணாம்பால் ஆனது. சபெல்லிடேயினுடையது பொதுவாகக் கோழையும் சேறும் மணலும் கலந்தது. செர்புலிடேயில் பெரும்பாலும் ஓர் இழை உருமாறி, குழாயின் வாயை அடைக்கும் மூடியாக அமைந்திருக்கும். சபெல்லிடேயில் அது இல்லை. செர்புலிடேயின் மார்புப் பகுதியின் இருபுறமும் மெல்லிய சவ்வு ஒன்று நீண்டிருக்கும். சபெல்லிடேயில் இதுவும் கிடையாது.

இரண்டையும் உறவினராகக் காட்டும் அடையாளம் ஒன்றும் உண்டு. அது நுண்ணோக்கியில்தான் தெரியும். மார்பில் முதுகுப்புறம் மயிர்போன்ற சீட்டாக்களும் வயிற்றுப்புறம் கொக்கி வடிவச் சீட்டாக்களும் இருக்கும்; உடலின் பிற்பகுதிக்கு வந்ததும் இந்த அமைப்பு தலைகீழாக மாறிவிடும். பெயரிடுபவர்கள் மிகவும் நம்பும் அடையாளங்களில் இது ஒன்று.

சபெல்லா பவோனினா என்னும் புழுவில் கிரீடம் துகள்களை அளவு பார்த்துப் பிரிக்கிறது: மிகப் பெரியவை வெளியே தள்ளப்படுகின்றன, நடுத்தரமானவை குழாய் கட்டுவதற்கு ஒதுக்கப்படுகின்றன, மிகச் சிறியவை வாய்க்குச் செல்கின்றன. குழாயின் சேறு ஏன் இவ்வளவு சீராக இருக்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

5. காலிக் குழாய் மட்டும் கிடைத்தது. இதை வைத்து என்ன செய்ய?

குடும்பத்தின் பெயரை மட்டும் எழுதி, கிடைத்த இடம், ஆழம், ஒட்டியிருந்த பொருள் ஆகியவற்றைச் சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மூடியின் எச்சம் சில நேரங்களில் பேரினம் வரை கொண்டு செல்லும். காலிக் குழாயில் பிற உயிர்கள் குடியேறுவது வழக்கம் என்பதால், குழாயிலிருந்து வெளியே வந்த புழுவே அதைக் கட்டியது என்று எண்ணிவிடவும் கூடாது.

6. மணலால் கட்டிய குழாய்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

உருப்பெருக்கும் கைவில்லை ஒன்றுடன் அமைதியாக உட்கார்ந்தால் இவை ஒன்றுபோல் தெரிவதில்லை என்பது விரைவில் புலப்படும். மணல் குழாய்களைப் பிரிப்பதுதான் இந்தத் துறையிலேயே மிகவும் இனிமையான வேலை என்பது என் எண்ணம். ஒவ்வொரு குடும்பமும் கட்டும் முறை வேறு.

பெக்டினாரியிடேயின் குழாய் கூம்பு வடிவமானது, இரு முனைகளும் திறந்தது. சுவர் ஒரே ஒரு மணல் பருமனே உடையது. மணல்கள் இடைவெளி இல்லாமல் பொருத்தப்பட்டிருக்கும். புழு தலைகீழாக மணலுக்குள் நிற்கும். குழாயின் குறுகிய முனை மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். உள்ளிருக்கும் புழுவின் தலையில் பொன்னிறத்தில் மின்னும், தோண்டுவதற்கு உதவும் முள்வரிசை இரண்டு இருந்தால் ஐயமே வேண்டாம்.

ஓவெனியிடே குழாய் வளையும் தன்மை உடையது, இரு முனைகளும் குறுகியது. அதன் தட்டையான மணல்களும் சிப்பித் துணுக்குகளும் ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டப்பட்டு, ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். டெரிபெல்லிடே குடும்பத்தில் லானிசே காங்கிலேகா என்னும் சிற்றினம் குழாயின் வாயில் மணல் இழைகளால் ஒரு கிளைத்த விளிம்பை நிறுத்துகிறது. இக்குடும்பத்தில் தலையிலிருந்து எண்ணற்ற மெல்லிய, நீண்டு சுருங்கும் உணர்விழைகள் தரைமீது பரவுவதையும், தலைக்குப் பின்னால் பெரும்பாலும் கிளைத்த சிவந்த செவுள்கள் இருப்பதையும் காணலாம். மால்டானிடே புழுக்களின் கண்டங்கள் மிகவும் நீண்டவை. மூங்கில் கணுக்களை நினைவூட்டுபவை.

சபெல்லாரியிடே குடும்பம் தனி வகை. புரதத்தால் ஆன பசையைச் சுரந்து மணலை ஒட்டும் இப்புழுக்களில் சில, பல்லாயிரம் குழாய்களை நெருக்கமாகக் கட்டித் திட்டுகளையே உருவாக்குகின்றன. பிரான்சின் மோன் சென் மிஷேல் விரிகுடாவில் சபெல்லாரியா அல்வியோலாட்டா எழுப்பியிருக்கும் திட்டுகள் புகழ்பெற்றவை. புழுவின் தலையில் சீட்டாக்கள் வட்டமாக அடுக்கப்பட்டு மூடியாகின்றன. அவை எத்தனை வரிசை என்பது பேரினத்தைச் சொல்லும். சபெல்லாரியாவில் மூன்று, இடாந்திர்சஸில் இரண்டு.

இறுதியாக ஓனுஃபிடே. இக்குடும்பத்தின் டயோபாட்ரா பேரினம் மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் மேற்பகுதியை சிப்பித் துண்டுகளாலும் பாசிகளாலும் சுற்றி ஒட்டிவைக்கிறது. புழுவை வெளியே எடுத்தால் தலையில் ஐந்து உணர்கொம்புகளும் வலுவான தாடைகளும் இருக்கும். மேற்சொன்ன எந்தக் குடும்பத்திலும் இத்தகைய தாடைகள் இல்லை.

7. காகிதம்போல இருக்கிற குழாய் எதனுடையது?

கீட்டாப்டெரஸ் பேரினத்தின் குழாய் பெரும்பாலும் மணலுக்குள் U வடிவத்தில் புதைந்திருக்கும். இரு முனைகள் மட்டும் வெளியே தெரியும். புழுவின் உடல் மூன்று தெளிவான பகுதிகளாகப் பிரிந்திருக்கும். நடுப்பகுதியிலுள்ள விசிறிபோன்ற மூன்று உறுப்புகள் நீரை உள்ளே இழுக்க, கோழையால் ஆன பையொன்று அந்நீரிலுள்ள துகள்களை வடிகட்டுகிறது. தொந்தரவு செய்தால் இருட்டில் நீல ஒளி வீசும். புழுவை முழுமையாக வெளியே எடுப்பது கடினம், ஏனெனில் உடல் எளிதில் துண்டாகிவிடும்.

ஆனால் குழாய் தடித்து, கம்பளிபோல் மெத்தென்று இருந்தால் அடுத்த விடையையும் படியுங்கள்.

8. குழாயில் இருப்பது புழுவே இல்லாமலும் போகுமா?

போகும்; எண்ணுவதைவிட அடிக்கடி அப்படி நேர்கிறது. வெர்மெடிடே நத்தையைப் பற்றி 3ஆம் விடையில் பார்த்தோம். செரியாந்தஸ் போன்ற குழாய்க் கடல் சாமந்திகள், விசேடக் கொட்டணுக்கள் வெளியிடும் இழைகளைப் பின்னி, மெத்தென்ற நீண்ட குழாயைக் கட்டுகின்றன. அவற்றுக்குக் கண்டங்கள் இல்லை. உணர்கொம்புகள் இரண்டு வளையங்களாக அமைந்திருக்கும். அவற்றின் குழாய்ச் சுவரிலேயே வாழும் ஃபோரோனிஸ் ஆஸ்ட்ராலிஸ் என்னும் உயிரைப் பலர் சபெல்லிடே என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஃபோரோனிடுகள் தனித் தொகுதி. அவற்றின் உடலில் கண்டங்களோ சீட்டாக்களோ இல்லை. உணர்விழைகள் குதிரை லாட வடிவ வளைவில் அமைந்திருக்கும். உலகெங்கும் ஏறக்குறைய 15 சிற்றினங்களே அறியப்பட்டிருப்பதால், இவற்றை அடையாளம் கண்டுவிட்டால் மேற்கொண்டு செல்வது ஒப்பீட்டளவில் எளிது.

இவை போதாவென்று, ஆம்ஃபிபோடுகள் என்னும் சிறு ஓடுடைய கணுக்காலிகளும் சேற்றால் மெல்லிய குழாய்களைக் கட்டுகின்றன. மரத்தைத் துளைக்கும் டெரிடோ என்பது இருவோட்டு மெல்லுடலி. தன் துளையின் சுவரில் சுண்ணாம்பு பூசுகிறது. தந்தம்போல் வளைந்து இரு முனைகளும் திறந்த டென்டாலியம் ஓடும் மெல்லுடலியினுடையதே.

9. பாசியில் ஒட்டியிருக்கிற பொடிச் சுருள்களும் குழாய்ப்புழுவா?

ஆம். சில மில்லிமீட்டர் அளவே உள்ள வெள்ளைச் சுருள்கள் ஸ்பைரோர்பிஸ் மற்றும் அதன் உறவினருடையவை. முன்பு ஸ்பைரோர்பிடே என்று தனிக் குடும்பமாக வைக்கப்பட்ட இவை, இன்று செர்புலிடேக்குள் ஒரு துணைக்குடும்பமாகக் கருதப்படுகின்றன. சுருள் வலப்புறம் திரும்புகிறதா இடப்புறமா, முட்டைகளைக் குழாய்க்குள் வைத்துக் காக்கிறதா அல்லது மூடிக்குள் வைத்தா என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வழி கடந்தாகிவிட்டது.

பழங்காலப் பாறைகளில் ஸ்பைரோர்பிஸ் என்று குறிக்கப்பட்ட புதைபடிவங்களை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, சுவரின் நுண்ணமைப்பைக் கொண்டு, அவற்றுள் பலவும் மைக்ரோகாங்கிடுகள் என்னும் அழிந்துபோன வேறோர் உயிர்க்குழுவைச் சேர்ந்தவை என்று காட்டியது. அக்குழு ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதியோடு மறைந்துவிட்டது. சுருளின் தோற்றம் மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

10. கையில் எடுத்ததும் சுருங்கிவிடுகிறது. எப்படிப் பதப்படுத்துவது?

முதலில் மயக்கம் கொடுக்க வேண்டும். நன்னீரில் ஏறக்குறைய 7 விழுக்காடு மெக்னீசியம் குளோரைடு கரைத்து, அதைக் கடல்நீருடன் சிறிது சிறிதாகக் கலந்தால் புழு கிரீடத்தை விரித்த நிலையிலேயே தளரும். சுண்ணாம்புக் குழாயைச் சிறு குறட்டால் பின்முனையிலிருந்து நொறுக்கி வருவது நல்லது. முன்முனையில் தொடங்கினால் கிரீடமும் மூடியும் சிதைந்துவிடும்.

உடலமைப்பைப் பார்ப்பதற்கு ஃபார்மலினில் நிலைப்படுத்திப் பிறகு 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றுவது வழக்கம். மரபணு ஆய்வு தேவை என்றால் அதே புழுவின் சிறு துண்டையோ அதே திரட்டிலிருந்து மற்றொரு புழுவையோ நேரடியாக 95 விழுக்காடு எத்தனாலில் இடுங்கள். ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். அமிலத்தன்மை நீக்கப்படாத ஃபார்மலின் சுண்ணாம்புக் குழாயையும் சுண்ணாம்பு மூடியையும் கரைத்துவிடும் என்பதையும், அது நச்சுப்பொருள் ஆதலால் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பதப்படுத்தும் முன் உயிருள்ள நிலையில் ஒரு படம் எடுத்துவைப்பது பின்னால் மிகவும் உதவும்.

11. நுண்ணோக்கியில் எதை முதலில் பார்ப்பது?

கிரீடம் உள்ள புழுவானால் மூடி, கழுத்துப்பட்டை, மார்பில் சீட்டா உள்ள கண்டங்களின் எண்ணிக்கை என்னும் வரிசையில் செல்லுங்கள். செர்புலிடேயில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 7, சபெல்லிடேயில் 8, 9ஆம் விடையில் சொன்ன சுருள்புழுக்களில் 3 அல்லது 4. பின்னர் மார்பிலிருந்தும் பிற்பகுதியிலிருந்தும் சில சீட்டாக்களைத் தனித்தனியே எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கொக்கிகளின் பற்களை எண்ண வேண்டும். எந்தக் கண்டத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிவைக்காவிட்டால் அந்த எண்ணிக்கைக்குப் பயனில்லை.

மூடியின் வடிவம் பேரினங்களைப் பிரித்தறிய நல்ல அடையாளம். செர்புலாவில் ஒற்றைப் புனல். ஹைட்ராய்டெஸில் புனலின் மேல் முட்களால் ஆன இரண்டாம் அடுக்கு. ஸ்பைரோபிராங்கஸில் சுண்ணாம்புத் தகடும், காம்பின் இருபுறமும் சிறகுபோன்ற மடிப்பும். டெரிபெல்லிடே, சபெல்லிடே போன்றவற்றில் சுரப்பிகளின் பரவலைக் காண மெத்தில் பச்சைச் சாயம் பயன்படுகிறது. அந்தச் சாயக் கோலம் சிற்றினங்களைப் பிரிக்க உதவுவதுண்டு.

12. நிறத்தை வைத்துச் சொல்லலாமா?

கூடாது. பவளத்தில் வாழும் ஸ்பைரோபிராங்கஸ் புழுக்களில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை எனக் கிரீடங்கள் அடுத்தடுத்து விரிந்திருக்கும். பதப்படுத்திய பின் நிறம் போய்விடும். கிரீடத்தில் உள்ள பட்டைகளின் அமைப்பு போன்றவற்றைத் துணைக்குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். முடிவுக்கு அடிப்படையாக்க வேண்டாம்.

13. சுண்ணாம்புக் குழாய்தான், ஆனால் மூடி இல்லை. அப்படியானால் செர்புலிடே இல்லையா?

செர்புலிடேயாகவே இருக்கலாம். புரோட்டுலா, சல்மாசினா ஆகிய பேரினங்களுக்கு இயல்பாகவே மூடி கிடையாது. நூல்போன்ற குழாய்கள் கொத்தாகப் பின்னிக் கிடக்கும் சல்மாசினாவைப் போலவே தோன்றும் ஃபிலோகிரானாவுக்கு மூடி உண்டு. இவ்விரண்டையும் பிரிக்க மூடியைத்தான் தேட வேண்டும்.

மூடி இழக்கப்பட்டிருக்கவும் கூடும். ஹைட்ராய்டெஸ் புழுவில் பெரிய மூடிக்கு எதிர்ப்புறத்தில் வளராத சிறு மூடி ஒன்று காத்திருக்கும். பெரியது அறுந்தால் சிறியது வளர்ந்து அதன் இடத்தைப் பிடிக்கும். அந்த இடைக்காலத்தில் பிடிபட்ட புழுவின் மூடி, நூலில் உள்ள படத்தோடு ஒத்துப்போகாது. ஒரே திரட்டிலிருந்து பல புழுக்களைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

14. சுண்ணாம்புக் குழாய் என்றால் செர்புலிடே என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாமா?

பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் விலக்குகள் உள்ளன. குளோமெருலா பிலோசேட்டா என்னும் புழு உடலமைப்பில் சபெல்லிடே. கட்டுவதோ சுண்ணாம்புக் குழாய். அதன் பேரினம் புதைபடிவங்களாக ஏற்கனவே அறியப்பட்டிருந்தது. சிர்ராட்டுலிடே குடும்பத்தின் டோடெகாசீரியாவில் சில சிற்றினங்களும் சுண்ணாம்புத் திரள்களைக் கட்டுகின்றன. குழாயின் பொருள் மட்டுமே கையில் இருக்கும்போது ‘செர்புலிடேயாக இருக்கலாம்’ என்று எழுதுவது பொறுப்பான பதிவு.

மறுபுறம், செர்புலிடே என்றாலே கடல் என்பதும் முழு உண்மையன்று. மாரிஃபூஜியா கவாட்டிகா என்னும் சிற்றினம் பால்கன் பகுதியிலுள்ள டினாரிக் சுண்ணப்பாறைக் குகைகளின் நன்னீரில் வாழ்கிறது.

15. எர்ரான்ஷியா, செடன்டேரியா என்று பாடநூலில் படித்தோம். அந்தப் பிரிவு இன்றும் செல்லுமா?

அலைந்து திரிபவை ஒரு பக்கம், ஓரிடத்தில் தங்குபவை ஒரு பக்கம் என்னும் 19ஆம் நூற்றாண்டுப் பிரிவினை, நெடுங்காலம் வசதிக்காகவே பயன்பட்டது. 1977க்குப் பின் பல வல்லுநர்கள் அதைக் கைவிட்டனர். 2011இல் ஏராளமான மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று அதே பெயர்களை மீண்டும் கொண்டுவந்தது. பெயர் பழையது என்றாலும் உள்ளடக்கம் மாறிவிட்டது: புதிய செடன்டேரியாவில் மண்புழுவும் அட்டையும் அடங்குகின்றன.

குழாய்ப்புழுக்களைப் பார்ப்பவர்களுக்கு இதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. 6ஆம் விடையில் கண்ட ஓனுஃபிடே குழாயில் வாழ்ந்தாலும் எர்ரான்ஷியாவைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் ஹயலினோயேசியா தன் குழாயை இழுத்துக்கொண்டே ஆழ்கடல் தரையில் நடமாடுகிறது. கீட்டாப்டெரிடேயும் ஓவெனியிடேயும் இரண்டு பிரிவுகளுக்கும் வெளியே, வளைதசைப் புழுக்களின் பரிணாம உறவு மரத்தில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளைகளில் அமைகின்றன. ஆகவே ‘குழாயில் வாழ்வதால் செடன்டேரியா’ என்று எழுதுவது தவறு.

16. ஆழ்கடல் வெந்நீரூற்றுகளில் இருக்கும் பெரிய சிவப்புப் புழுக்கள் தனித் தொகுதி என்று படித்தேனே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1914இல் மோரிஸ் கொலரி, டச்சுக் கப்பலான சிபோகாவின் 1899–1900 பயணத்தில் இந்தோனேசியக் கடலில் கிடைத்த மெல்லிய புழுவுக்கு சிபோக்லினம் என்று பெயரிட்டார். வாயும் குடலும் இல்லாத அவ்வுயிரை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. போகோனோஃபோரா என்னும் தனித் தொகுதி பின்னர் உருவானது. அன்று கிடைத்த புழுக்கள் அனைத்தும் வால்முனை அறுந்தவை. 1964இல்தான் கண்டங்களும் சீட்டாக்களும் கொண்ட வால்முனை கண்டறியப்பட்டது. அதுவே இவை வளைதசைப் புழுக்களின் உறவினர் என்பதற்கு வலுவான சான்றாயிற்று.

1977இல் கலாபகோஸ் பிளவுப்பகுதியில் வெந்நீரூற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டு, 1981இல் ரிஃப்டியா பாக்கிப்டிலா என்னும் பெரிய சிவப்புப் புழு விவரிக்கப்பட்ட பின்னர், 1985இல் அதன் கூட்டத்துக்கு வெஸ்டிமென்டிஃபெரா என்று இன்னொரு தொகுதியே முன்மொழியப்பட்டது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் இரண்டையும் பாலிகீட்டுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தன. இன்று அவை அனைத்தும் சிபோக்லினிடே என்னும் ஒரே குடும்பம். கொலரி இட்ட பெயரே நிலைத்தது. திமிங்கில எலும்பில் வேர் ஊன்றி வாழும், 2004இல் விவரிக்கப்பட்ட ஓசெடாக்ஸும் இதே குடும்பம்தான். ரிஃப்டியாவின் குழாய் கைட்டினும் புரதமும் கலந்தது, சுண்ணாம்பு அன்று. புழு தன் உடலுக்குள் வாழும் கந்தக பாக்டீரியாக்களிடமிருந்து உணவைப் பெறுகிறது.

17. பழைய நூலில் ஒரு பெயர், புதிய பட்டியலில் வேறு பெயர். எதை எழுதுவது?

இன்று ஏற்கப்பட்ட பெயரை எழுதி, அடையாளம் காண நீங்கள் பயன்படுத்திய நூலின் பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பொமாடோசெரோஸ் டிரைகெட்டர் இப்போது ஸ்பைரோபிராங்கஸ் டிரைகெட்டர். 2ஆம் விடையில் வந்த ஃபிகோபொமாட்டஸ் எனிக்மாட்டிகஸ் முன்பு மெர்சியெரெல்லா எனிக்மாட்டிகா. உலகக் கடல் உயிரினப் பதிவேட்டின் இணையத் தரவுத்தளத்தில் பழைய பெயரை இட்டால் இன்றைய பெயர் கிடைக்கும்.

பெயருக்குப் பின் வரும் ஆசிரியரின் பெயர் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் பலர் கேட்கிறார்கள். விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து அந்தச் சிற்றினம் வேறொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால் அடைப்புக்குறி இட வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. ஆகவே ஃபிகோபொமாட்டஸ் எனிக்மாட்டிகஸ் (ஃபோவெல், 1923) என்றும், செர்புலா வெர்மிகுலாரிஸ் லின்னேயஸ், 1767 என்றும் எழுதுகிறோம்.

18. உலகம் முழுவதும் ஒரே சிற்றினம் இருக்கிறதாமே, அதையே எழுதிவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கீட்டாப்டெரஸ் வேரியோபெடாட்டஸ், ஓவெனியா ஃபியூசிஃபார்மிஸ், ஸ்பைரோபிராங்கஸ் கிராசியை ஆகிய பெயர்கள் நெடுங்காலம் உலகின் பல கடல்களிலிருந்தும் பதிவாயின. நுணுகிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் பல சிற்றினங்களின் தொகுப்பு என்று தெரியவந்தது. ஐரோப்பிய நூல் ஒன்றின் சாவியை, அதாவது படிப்படியாகக் கேள்வி கேட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் அட்டவணையை, வேறொரு கடலில் பயன்படுத்தினால், அச்சாவி தன்னிடம் உள்ள பெயர்களுள் ஒன்றைக் கட்டாயம் கொடுக்கும். அது சரியான பெயர் என்பதற்கு உறுதி இல்லை.

அதே நேரத்தில், உண்மையாகவே கப்பல்களில் ஒட்டிக்கொண்டு கடல் கடந்தவையும் உண்டு. ஹைட்ராய்டெஸ் எலிகன்ஸ் துறைமுகங்கள்தோறும் படிவதற்கு அதுவே காரணம். ஆகவே பரவல் பரந்தது என்பதற்காக மட்டும் ஒரு பதிவை மறுக்கவும் கூடாது. வகைமாதிரி, அதாவது சிற்றினத்துக்குப் பெயரிட அடிப்படையாக இருந்த மூல மாதிரி, எந்தக் கடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்து, அங்கிருந்து கிடைத்த மூல விவரிப்போடு ஒப்பிடுவதே வழி.

19. மரபணு வரிசையைப் பார்த்தால் இந்தச் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடாதா?

பெருமளவு உதவும், தானாகத் தீர்க்காது. விலங்குகளுக்கு வழக்கமாகப் பயன்படும் சி.ஓ.ஐ. என்னும் மரபணுப் பகுதியை, செர்புலிடேயில் பொதுவான தொடக்கிகளை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) கொண்டு பெருக்குவது பல நேரங்களில் பலிப்பதில்லை. அதனால் அக்குடும்பத்துக்கெனத் தனித் தொடக்கிகளும், சைட்டோகுரோம் பி போன்ற வேறு மரபணுக்களும் கையாளப்படுகின்றன. தரவுத்தளத்தில் ஒப்பிடக் கிடைக்கும் வரிசைக்குத் தவறான பெயர் இடப்பட்டிருந்தால், அந்தத் தவறு உங்கள் புழுவுக்கும் வந்து சேரும். 18ஆம் விடையில் சொன்ன பரந்த பெயர்களில் இது எளிதில் நேரும்.

பயன் எங்கே மிகுதி என்றால், உறவுகளைத் தெளிவாக்குவதில். சபெல்லிடேயின் துணைக்குடும்பமாக இருந்த சிறு புழுக்கள், செர்புலிடேக்கு நெருக்கமானவை என்று மரபணுக்களால் தெரிந்து, 2008இல் ஃபாப்ரிசியிடே என்னும் தனிக் குடும்பமாயின. அந்தக் குடும்பத்தையும் சீட்டாக்களைப் பார்த்தே நாம் இன்று அடையாளம் காண்கிறோம்.

20. என்னிடம் புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது. எதுவரை சொல்ல முடியும்?

விரிந்த கிரீடம் மட்டும் தெரிந்தால் குடும்பம் வரை. மூடியும் குழாயும் சேர்ந்து தெளிவாகத் தெரிந்தால் சில செர்புலிடேயில் பேரினம் வரை. மணல் குழாயின் படத்தில் சுவரின் நெருக்கக் காட்சி இருந்தால் 6ஆம் விடையிலுள்ள பிரிவுகளுள் ஒன்றில் வைக்கலாம். டெரிபெல்லிடேயின் உணர்விழைகள் மட்டும் பாறையிடுக்கிலிருந்து நீண்டிருக்கும் படத்தில் குடும்பத்தைக்கூட ஐயத்தோடுதான் எழுத வேண்டும். ஏனெனில் நெருங்கிய வேறு குடும்பங்களும் அத்தகைய இழைகளை நீட்டுகின்றன.

படம் எடுப்பவர்கள் மூன்று கோணங்களில் எடுப்பது நல்லது: கிரீடம் விரிந்த நிலையில் மேலிருந்து ஒன்று, மூடி தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, புழு உள்ளே சென்ற பிறகு குழாயின் வாயும் சுவரும் தெரியும்படி ஒன்று. கடைசிப் படத்தைத்தான் பலரும் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அளவுகோல் ஒன்றைச் சட்டகத்துக்குள் வைத்து, ஆழத்தையும் ஒட்டியிருந்த பொருளையும் எழுதி அனுப்பினால், பெயர் கிடைக்காவிட்டாலும் பதிவு வீணாகாது.